துக்கம் மாற்றப் போனோம்

"அக்கா!" என்று என் வீட்டுக்காரர் கூப்பிட்டதும், வயலுக்கு நடுவில் நின்றிருந்த அண்ணி திரும்பிப் பார்த்தாள். ஆனால் வரப்புக்கு வரவில்லை.

தை மாதத்து வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பழுத்த நெல் அவள் இடுப்பு வரைக்கும் இருந்தது. இவர் கையில் மஞ்சள் பை, அதற்குள் கோடிப் புடவை. கோடி கொண்டுவந்த தம்பியைப் பார்த்தால் புருஷனைப் பறிகொடுத்த எந்தப் பெண்ணும் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுவாள். அண்ணி இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"புள்ளைங்க சாப்புட்டுச்சா?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"நீ மொதல்ல மேல வாக்கா."

"வரமுடியாது ராசு. நீங்க எறங்கி வாங்க."

இவர் என்னைப் பார்த்தார். நான் பிள்ளைகளின் காலைப் பார்த்தேன். இரண்டுக்கும் புது ஷூ. சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறோம் என்று நான்தான் பார்த்துப் பார்த்து மாட்டிவிட்டிருந்தேன்.

சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் நான் எழுதிய குடியிருப்புத் தண்ணீர்க் குழாய்ச் சண்டையைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்ததாகச் சிலர் சொன்னார்கள். அவர்கள் இந்த வாரம் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இது என் நாத்தனார் அஞ்சலையைப் பற்றியது. நேரில் 'அண்ணி, வாங்க, போங்க' என்றுதான் பேசுவேன். எழுத உட்கார்ந்தால் 'அவள்' என்றுதான் வருகிறது. மனசுக்கு நெருங்கியவர்களுக்கு மரியாதை விகுதி போட்டால் யாரோ மாதிரி ஆகிவிடுகிறார்கள்.

பள்ளிக்கூட வேன்

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணின் புருஷன் இறந்துபோனால், கருமாதி முடிந்ததும் பிறந்த வீட்டார் வந்து அவளை அழைத்துப்போவார்கள். சில நாள் வைத்திருந்து, தலைக்கு எண்ணெய் வைத்து, கோடி கொடுத்து, வாய்க்கு ருசியாகச் சமைத்துப் போட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். துக்கம் மாற்றுவது என்று அதற்குப் பெயர். அழுது தீர்க்கவும் ஒரு இடம் வேண்டும் அல்லவா? புருஷன் வீட்டில் ஆயிரம் கண் இருக்கும். பிறந்த வீட்டில்தான் ஒரு பெண் வாய்விட்டு அழ முடியும்.

மாமியாரும் மாமனாரும் காலமாகிவிட்டதால், அண்ணிக்குப் பிறந்த வீடு என்றால் திருச்சியில் நாங்கள் இருந்த தொழிற்சாலைக் குடியிருப்புதான். ஒரு கூடம், ஒரு அறை, ஒரு அடுப்படி. என் வீட்டுக்காரர் அங்கே ஃபிட்டர்.

அண்ணியின் புருஷன் மாரிமுத்து அண்ணன் ஐப்பசி அடைமழையில் போய்ச்சேர்ந்தார். மடை திறக்கப் போன இடத்தில் பாம்பு தீண்டிவிட்டது. கருமாதிக்குப் போனபோதே அண்ணியை அழைத்து வந்திருக்க வேண்டும். சின்னவன் அன்புக்குக் காய்ச்சல் கொதித்தது. அலறியடித்துக்கொண்டு திரும்பிவிட்டோம். பொங்கல் லீவுக்கு வந்து அழைத்துப்போகிறோம் என்று சொல்லிவிட்டு வந்ததுதான்.

பொங்கலுக்குப் பள்ளிக்கூடம் மூடியிருந்ததால், இவருடைய சிநேகிதரின் பள்ளிக்கூட வேன் சும்மா நின்றது. அதை வாங்கிக்கொண்டு கிளம்பினோம். இவர்தான் ஓட்டினார். பெரியவள் கயல் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். அந்த வேனில் தினமும் அழுதுகொண்டே போகிறவள், அன்றைக்கு ஜன்னலோரம் ராணி மாதிரி உட்கார்ந்து வந்தாள். போகிற வழியில் பேராவூரணியில் சின்ன மாமனார் வீடு, பிறகு திருத்துறைப்பூண்டிப் பக்கம் அண்ணியின் ஊர், அண்ணியை ஏற்றிக்கொண்டு நாகூர், அங்கே தர்காவும் கடலும், அப்புறம் வீடு. இதுதான் திட்டம். கடல் என்ற சொல்லைக் கேட்ட நாளிலிருந்து கயல் தூங்கவில்லை.

வழியெல்லாம் சுவரில் கறுப்பும் சிவப்புமாகக் கட்சி விளம்பரம். நிலம் உழைப்பவனுக்கே என்று ஒரு சுவர் சொன்னால், அடுத்த சுவர் அதையே இன்னும் பெரிய எழுத்தில் சொன்னது. இடையிடையே செங்கொடிகளும் பறந்தன. ஆட்சி மாறி வெகுநாள் ஆகியிருக்கவில்லை. பழைய சுண்ணாம்புக்கு மேல் புதுப் பெயர்களை எழுதியிருந்தார்கள்.

பேராவூரணியில் சின்ன மாமனார் தென்னந்தோப்பு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்த கையோடு இவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டா ராசு, மூணு மாசம் ஆவப்போவுது. அந்தப் பொண்ணைக் கூட்டியாந்து துக்கம் மாத்த உனக்கு நேரமில்லையா? ஊரு கேக்குதுடா."

"லீவு கெடைக்கலை சித்தப்பா. இப்ப அதுக்குத்தான் போறோம்."

"அந்த ஊரு மிராசு வூட்டுக் காரியக்காரரு, தேங்கா வாங்க வந்த ஆளுக்கிட்ட சொல்லி அனுப்பியிருக்காரு. உங்க பொண்ணு பச்சத்தண்ணிக்கு வழியில்லாம கெடக்குது, பொறந்த வூடு இருக்குதா செத்துப்போச்சான்னு கேட்டாராம். அவரு வாயால கேக்குற மாதிரி ஆயிப்போச்சே!"

இவர் தட்டில் இட்டிலி பாதி அப்படியே இருந்தது. கை கழுவிவிட்டு வந்து, "ஏறு, கெளம்பலாம்" என்றார். ஒரு ராத்திரி தங்குவதாக இருந்தது போயிற்று.

மாலையும் தடையும்

வயலுக்குப் போகுமுன் அந்த வயல் யாருடையது என்று சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லத்தான் கோர்ட்டுக்கே அத்தனை வருஷம் ஆயிற்று.

மாரிமுத்து அண்ணனும் அண்ணியும் அந்த வயலில் கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்தவர்கள். அவர்கள் அப்பன் பாட்டனும் அப்படித்தான். சட்டம் சொன்ன உச்சவரம்புக்கு மேல் வைத்திருந்தவர்களிடமிருந்து அரசாங்கம் நிலத்தை எடுத்து, நிலமில்லாதவர்களுக்குக் கொடுத்தபோது, அண்ணனுக்கு அந்தத் துண்டு வந்தது. மேடை போட்டு, மைக் கட்டி, மாலை போட்டுக் கொடுத்தார்கள். அண்ணன் அந்த மாலையை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. நேரே வயலுக்குப் போய் மடை ஓரத்தில் நின்ற பூவரச மரத்துக்குப் போட்டுவிட்டு வந்தார். "எனக்கு எதுக்குடா மாலை, நான் என்ன மாப்பிள்ளையா" என்றாராம். அவ்வளவு கூச்சம் அவருக்கு.

மாலை காய்வதற்குள் மிராசுதார் கோர்ட்டுக்குப் போய்விட்டார். அது உபரி நிலமே இல்லை, உறவுக்காரர் பெயரில் எப்போதோ எழுதிவைத்தது என்று வழக்கு. தீர்ப்பு வருகிறவரைக்கும் நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறதோ அவரிடமே இருக்கட்டும் என்று கோர்ட் சொல்லிவிட்டது.

அனுபவம் என்றால் நீங்களும் நானும் வேறு எதையோ நினைப்போம். நில வழக்குப் பேசுகிறவர்களுக்கு அது வேறு. யார் உழுகிறார்கள், யார் நடுகிறார்கள், யார் அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள் என்பதுதான் அனுபவம். கையில் என்ன காகிதம் இருந்தாலும், ஒரு போகத்தை வேறொருவன் இறங்கி அறுத்துவிட்டான் என்றால் அனுபவம் கைமாறிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் நீ எந்தப் படியேறி எந்த அதிகாரி காலில் விழுந்தாலும் முதலில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

இதெல்லாம் அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. கேஸ் நடக்கிறது என்று தெரியும். கேஸ் என்பது கோர்ட்டில் நடக்கிற சமாசாரம் என்று நினைத்திருந்தோம். அது வயலுக்கு நடுவில் ஒரு பெண் காலூன்றி நிற்பதாக இருக்கும் என்று யார் கண்டது?

"இங்கயே மாத்திக்கறோம்"

ஷூவைக் கழற்றிவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். நான் அன்புவை இவரிடம் கொடுத்துவிட்டு அண்ணியைக் கட்டிக்கொள்ளப் போனேன். ஒப்பாரி எடுக்க வாயைத் திறந்தேன். அவள் இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"அழுவாத. அங்க கேக்கும்."

சாலையோரப் பனைமரத்தடியில் இரண்டு பேர் குந்தியிருந்தார்கள்.

"காரியக்காரரு ஆளுங்க. நான் எப்ப கரையேறுவேன்னு பாத்துக்கிட்டுக் கெடக்குறானுவ. நான் ஒடிஞ்சி உக்காந்துட்டேன்னு தெரிஞ்சா போதும், வெளியூரு ஆளை எறக்கி அறுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. நாளைக்கு தாலுக்கா ஆபீசு ஆர்.ஐ. வந்து யாரு அனுபவம்னு பாக்குறாராம். அவரு எழுதிக்கிட்டுப் போனப்புறம் நாங்க அறுக்க வர்றோம்னு தெருவுல சொல்லிட்டாங்க. அவங்களுக்கும் பயம் இருக்குமில்ல?"

"அப்ப வூடு?"

"பூட்டித்தான் கெடக்குது. கதிரு பழுத்ததுலேர்ந்து இங்கதான்."

களத்துமேட்டில் கீற்றைச் சாய்த்து ஒரு குடிசை மாதிரி வைத்திருந்தாள். ஆள் குனிந்து நுழையலாம், நிமிர முடியாது. ஒரு சட்டி, ஒரு தண்ணீர்க் குடம், ஒரு சாக்கு. அவ்வளவுதான்.

அப்போதுதான் மிராசின் நிலபுலனைப் பார்த்துக்கொள்கிற காரியக்காரரே வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. சைக்கிளை வேனுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு வரப்பில் நின்றுகொண்டு சிரித்தார்.

"வாங்க தம்பி, வாங்க. எப்ப வந்தீங்க? வேன் எல்லாம் கொண்டாந்திருக்கீங்க. ரொம்ப சந்தோஷம். பாவம், ஒண்டியா கெடக்குது பொண்ணு. அழைச்சிக்கிட்டுப் போயி நல்லா ரெண்டு மாசம் வச்சிருந்து அனுப்புங்க. வயலைப் பத்திக் கவலைப்படாதீங்க, நாங்க பாத்துக்கறோம்."

இவரும் அந்த ஊரில் பிறந்து மாடு மேய்த்தவர்தான்; அண்ணியை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். இவருடைய அப்பாவை அந்த மிராசு களத்தில் கட்டிவைத்து அடித்ததைச் சின்ன வயதில் கண்ணால் பார்த்தவர். அதற்குப் பிறகுதான் ஊரை விட்டே ஓடினார். அதே காரியக்காரர் வாயிலிருந்து இவருக்கு 'தம்பி'யும் 'வாங்க'வும் வந்தது அன்றுதான் முதல் தடவை. பேராவூரணி வரைக்கும் ஆளனுப்பி மானத்தைக் கிளறிவிட்டது எதற்கு என்று எனக்கே விளங்கிவிட்டது. இவருக்கு விளங்காமல் இருக்குமா? எங்கள் முறையை வைத்தே எங்கள் பெண்ணைக் கிளப்பப் பார்த்திருக்கிறார். நாங்களும் வண்டி கட்டிக்கொண்டு வந்து நின்றோம்.

இவர் கோபக்காரர். சாப்பாட்டில் உப்புக் கூடினாலே வீடு ரெண்டுபடும். என்ன ஆகப்போகிறதோ என்று இவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் இவர் மஞ்சள் பையை அண்ணி கையில் கொடுத்துவிட்டு, மெதுவாகத்தான் சொன்னார்.

"துக்கம் மாத்தத்தாங்க வந்தோம். இங்கயே மாத்திக்கறோம்."

காரியக்காரருக்குப் புரியவில்லை. "இங்கன்னா?"

"இந்த வயல்லங்க. பொறந்த வூடு நாங்கதான? நாங்க இருக்குற எடம்தான் பொறந்த வூடு."

தார்ப்பாயும் தூளியும்

வேன் கூரையில் கட்டியிருந்த தார்ப்பாயை அவிழ்த்துக் களத்துமேட்டில் கட்டினார். கீழே வைக்கோலைப் பரப்பி ஜமுக்காளத்தை விரித்தோம். பூவரசக் கிளையில் என் பழைய புடவையில் தூளி கட்டி அன்புவைப் போட்டேன். கல் கூட்டி அடுப்பு மூட்டினேன். தெருப் பிள்ளைகள் வேனின் முன்னால் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "பள்ளிக்கூடம் வந்திருச்சு!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து, அப்புறம் தயங்கித் தயங்கி நின்றன.

"அம்மா, இதுதான் டூரா?" என்று கயல் கேட்டாள்.

"ஆமாண்டி, இதுதான்."

"அப்ப கடல்?"

நான் குனிந்து அடுப்பை ஊதினேன். அவளும் வற்புறுத்தவில்லை. பிள்ளைகளுக்கு எப்போது கேட்கக் கூடாது என்று எப்படியோ தெரிந்துவிடுகிறது.

தெருவிலிருந்து ஒருத்தர் கெண்டை மீன் கொண்டுவந்து கொடுத்தார். குழம்பு வைத்தேன். அண்ணியை வாய்க்கால் கரையில் உட்காரவைத்து, தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்துக் குளிப்பாட்டினேன். குளிக்கும்போதும் அவள் முகம் வயலைப் பார்த்தே இருந்தது. எண்ணெய் சூடாகத் தலையில் இறங்கும்போது எவளுக்கும் கண் கலங்கும். நான் காத்திருந்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அழுதுடுங்க அண்ணி. இங்க யாருக்கும் கேக்காது."

"இப்ப வேணாம். ஆரம்பிச்சா நிக்காது."

கோடியைக் கட்டிக்கொண்டு வந்து தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். இவர் முள் எடுத்து மீனை அக்காள் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார். சாப்பிடும்போதுகூட அவள் இரண்டு தடவை எழுந்துபோய் வரப்பில் நின்று பார்த்துவிட்டு வந்தாள். பனி இறங்க ஆரம்பித்ததும் பிள்ளைகளைச் சாக்கால் மூடினோம். கொசு அடுப்புப் புகையையும் மீறி வந்து கடித்தது. டூர் போகிற சனங்கள் இப்படி வெட்டவெளியில் கூடாரம் போட்டுத் தங்குவதைத்தான் ஆசையாகச் செய்கிறார்கள் என்று பிறகு கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

யார் அனுபவம்?

மறுநாள் பனி விலகிய பிறகு ஆர்.ஐ. தலையாரியோடு வந்தார். பின்னாலேயே காரியக்காரர். சாலையில் ஒரு லாரி வந்து நின்றது. அதிலிருந்து யாரும் இறங்கவில்லை. ஆனால் அரிவாள்கள் தெரிந்தன. கயலை இழுத்து என் புடவைக்குள் வைத்துக்கொண்டேன்.

"நெலம் யார் அனுபவத்துல இருக்குது?" என்று ஆர்.ஐ. பொதுவாகக் கேட்டார்.

காரியக்காரர் முந்திக்கொண்டார். "பொண்ணு பொறந்த வூட்டுக்குக் கெளம்பியாச்சுங்கய்யா. கோடி கட்டியிருக்குது பாருங்க, வேன் நிக்குது பாருங்க. வூட்டைப் பூட்டி எத்தினியோ நாளாச்சு. விட்டுட்டுப் போற நெலத்துக்கு அனுபவம் ஏது?"

கோடிப் புடவையும் வேனும் பார்க்கிற எவருக்கும் அதைத்தான் சொல்லும். அன்பாகக் கொண்டுவந்ததெல்லாம் அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டு நின்றன. இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணி கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். வயலில் நின்றபடியே பேசினாள்.

"துக்கம் மாத்துனாங்க, கட்டிக்கிட்டேன். எங்கயும் கெளம்பலைங்கய்யா."

"அப்ப உன் அனுபவம்ங்கிற?"

"ஆமாங்க. அதோ அந்த மடையிலதான் எங்க வூட்டுக்காரரு செத்தாரு. அது என் அனுபவம். அவரு நட்டுட்டுப் போன பயிரு, களை எடுத்து நான் காப்பாத்தி நிக்கவச்சிருக்கேன். இது என் அனுபவம். வேற எவரு வந்து இதை அனுபவிப்பாங்கன்னு கேட்டுச் சொல்லுங்கய்யா."

ஆர்.ஐ. குடிசையைக் குனிந்து பார்த்தார். எரிந்து தணிந்த அடுப்பைப் பார்த்தார். தூளிக்குள் அன்பு சிணுங்கினான். அவர் போகிறபோக்கில் தூளியை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"புருஷன் பேரு சொல்லும்மா."

"மாரிமுத்துங்க."

"உன் பேரு?"

"அஞ்சலை."

"அறுத்துக்க." அவ்வளவுதான் சொன்னார்.

லாரி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. தெருச் சனம் அரிவாளோடு வந்து இறங்கியது. இனி இந்தச் சேற்றில் கால் வைக்க மாட்டேன் என்று ஊரைவிட்டுப் போன என் வீட்டுக்காரர், பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு அக்காளுக்குப் பக்கத்தில் நின்று அறுத்தார். கை பழக்கம் விட்டுப்போயிருந்தது. அறுத்த கதிர் அரிகள் கோணல்மாணலாக விழுந்தன. தெருப் பெண்கள் கேலி செய்தார்கள். அண்ணி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஒழுங்குபடுத்திக்கொண்டே பின்னால் வந்தாள்.

லீவு முடிந்துவிட்டது. நெல் களத்தில் கிடந்தது. "இப்பவாச்சும் வாக்கா" என்றார் இவர். "அடுத்து உளுந்து தெளிக்கணும் ராசு. மண்ணு சும்மா கெடந்தா மறுபடி வருவான்" என்றாள். அவளுக்கென்று காலியாக வைத்திருந்த சீட்டில் ஒரு மூட்டை புது நெல்லை ஏற்றிவிட்டாள். நாகூருக்கு நேரமில்லை. கடலைப் பார்க்காமலே கயல் தூங்கிப்போனாள்.

அப்புறம்

ஆட்சி மாறியது, திரும்பவும் மாறியது. சுவரில் பெயர்களும் மாறின. கேஸ் மட்டும் மாறவில்லை. வருஷா வருஷம் பொங்கலுக்கு நாங்கள்தான் போனோம். கயல் பெரியவளானபோதும் அண்ணி வரவில்லை, அது நடவு சமயம். அத்தை இல்லாமல் என்ன சடங்கு என்று சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள்.

கயல் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த காலம். ஒரு நாள் மத்தியானம் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் அண்ணி. கையில் ஒரு ஒயர்கூடை. பஸ் ஏறித் தனியாக வந்திருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது.

"பைசலாயிடுச்சு ராசு. நமக்குத்தான்னு தீர்ப்பு."

இவர் குழந்தை மாதிரி சிரித்தார். நான் அவசர அவசரமாகச் சோறு போட்டேன். அண்ணி நிதானமாகச் சாப்பிட்டாள். மோர் கேட்டு வாங்கிக் குடித்தாள். கை கழுவிவிட்டு வந்து கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். எங்கள் வீட்டைச் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தாள்.

பிறகு மார்பில் அறைந்துகொண்டு, "என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே!" என்று அலறினாள்.

அது தீர்ப்புக்கு அழுத அழுகை இல்லை. பேர் சொல்லி, முறை சொல்லி, அவர் மழையில் மடை திறக்கப் போனதைச் சொல்லி, பிணம் இன்னும் வாசலில் கிடப்பது போல அழுதாள். இவர் அக்காளின் காலடியில் உட்கார்ந்து, அவள் காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். நான் போய்க் கட்டிக்கொண்டேன். இந்தத் தடவை அவள் என்னைத் தடுக்கவில்லை.

குடியிருப்பில் சுவர்கள் மெல்லியவை. எதிர்வீடு, பக்கத்து வீடு, மாடி வீடு எல்லாம் ஓடிவந்து வாசலில் கூடிவிட்டது.

"என்னாச்சுங்க? யாரு போயிட்டாங்க?"

இவர் எழுந்து வாசலுக்குப் போனார். "எங்க மாமாங்க. அக்கா வூட்டுக்காரரு."

"அடக்கடவுளே! எப்போ?"

இவர் திரும்பி அக்காளைப் பார்த்தார்.

"இன்னைக்குத்தாங்க" என்றார்.

அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொருவராக உள்ளே வந்து அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.